பழைய சர்வரை அணைக்கும் முன்: துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர் அவர்களுக்கும், துறைத் தலைவர்களுக்கும், அலுவலகக் கண்காணிப்பாளர்களுக்கும் வணக்கம்.

நம் கல்லூரியின் பொது சர்வரில் இருக்கும் கோப்புகளைப் பொங்கல் விடுமுறைக்குள் புதிய சேமிப்புப் பெட்டிக்கு மாற்றிவிட வேண்டும் என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. மாற்ற வேண்டும் என்பதில் எங்களுக்கு மறுப்பே இல்லை. பழைய இயந்திரத்தில் ஓடுவது விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபர் 10ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. தனியாகப் பணம் கட்டுகிறவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் வரை நீட்டிப்பு உண்டு; நாம் கட்டவில்லை. ஆகவே சுற்றறிக்கை தாமதமாக வந்தது என்றுதான் குறை சொல்வேன். எனக்கு உறுத்துவது, இந்தப் பணி முழுவதும் கணினிப் பிரிவைச் சேர்ந்தது என்ற அதன் கடைசி வரி. பாதிப் பணி உங்களுடையது. அந்தப் பாதியை நீங்கள் செய்யாமல் எங்கள் பாதியை முடிக்க முடியாது.

கோப்புகளை நகலெடுப்பது சுலபம். ரோபோகாப்பி என்ற கருவி விண்டோஸுடனேயே வருகிறது. தேதி, நேரம் எதுவும் மாறாமல் அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். சிக்கல் அனுமதிகளில்தான். ஒரு கோப்புறையை யார் திறக்கலாம், யார் திருத்தலாம் என்பதை விண்டோஸ் பெயரால் குறித்துவைப்பதில்லை, எண்ணால் குறித்துவைக்கிறது. நம் பழைய சர்வரின் பயனர் கணக்குகள் எல்லாம் அந்த ஓர் இயந்திரத்துக்குள்ளேயே உருவாக்கியவை. எஸ்-1-5-21 என்று தொடங்கி நீளமாகப் போகும் அந்த எண்கள் யாருடையவை என்று புதிய பெட்டிக்குத் தெரியாது. போதாக்குறைக்கு, வாசல் கேட்டுக்கு ஒரு பூட்டு, உள்ளறைக்கு ஒரு பூட்டு என்பதுபோல அனுமதியிலும் இரண்டு அடுக்கு இருக்கிறது: வலைப்பின்னல் வழியாக நுழைவதற்கு ஒன்று, கோப்புறையைத் திறப்பதற்கு ஒன்று. ரோபோகாப்பி உள்ளறைப் பூட்டை மட்டுமே தூக்கி வரும். வாசல் பூட்டு பழைய சர்வரின் ரெஜிஸ்ட்ரியிலேயே, அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டிலேயே, கிடந்துவிடும். ஆக, புதிய பெட்டியில் அனுமதிகளை ஒன்று விடாமல் மறுபடி எழுத வேண்டும். எழுத நாங்கள் தயார். என்ன எழுதுவது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இதைச் சில தலைவர்களிடம் கேட்டபோது, இப்போதைக்கு எல்லோருக்கும் திறந்து விட்டுவிடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். பழைய சர்வர் இன்றைய நிலைக்கு வந்ததே அந்தப் ‘பிறகு’வால்தான். உதவித்தொகைக் கோப்புறையை எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர்களின் ஆதார் நகல், சாதிச் சான்றிதழ், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம் எல்லாம் அதில் இருக்கின்றன. ஆய்வகக் கணினியில் உட்காரும் எவரும் அதைத் திறக்கலாம். ஓய்வுபெற்றவர்களின் கணக்குகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஒரு பருவம் மட்டும் பாடம் எடுத்துவிட்டு வேறு ஊருக்குப் போன கௌரவ விரிவுரையாளர்களின் கணக்குகளும் அப்படியே. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. தரவைக் காக்கத் தக்க ஏற்பாடு செய்யாவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடம் இருக்கிறது. அவ்வளவு பெரிய தொகை நம் தலையில் விழும் என்று பயமுறுத்த வரவில்லை. சாதிச் சான்றிதழைக் கொடுத்த மாணவி நம்மை நம்பித்தான் கொடுத்தாள் என்பதே எனக்குப் போதுமான காரணம்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான்: ஒவ்வொரு மேல்மட்டக் கோப்புறைக்கும் ஒரே ஒரு பொறுப்பாளரின் பெயர். குழு வேண்டாம், மூன்று பேர் பொறுப்பு என்றால் யாரும் பொறுப்பில்லை என்பதை, கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு தரும் நாக் (NAAC) அமைப்புக்கு ஆவணங்கள் திரட்டிய காலத்தில் எல்லோருமே பார்த்துவிட்டோம். யார் படிக்கலாம், யார் திருத்தலாம் என்று அந்தப் பொறுப்பாளர் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் போதும். சர்வரில் ‘பழையது – அழிக்க வேண்டாம்’ என்ற பெயரில் கோப்புறைகள் பல இருக்கின்றன. அழிக்க வேண்டாம் என்று சொன்னவர் யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. யாரும் உரிமை கோராத கோப்புறைகளை அழிக்க மாட்டோம். பூட்டிய ஆவணப் பகுதிக்குள் ஒரு கல்வியாண்டு வைத்திருப்போம். அதற்குள் தேவைப்படுகிறவர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

தமிழ்த் துறைக்குத் தனியாக ஒரு செய்தி. இது எந்த விற்பனையாளரும் சொல்லாத விஷயம். புதிய பெட்டி லினக்ஸில் ஓடுவது. அதில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் என்பதால் ஆங்கிலத்தில் பெயர் வைக்கிறவர்கள் இந்த எல்லையைத் தொடுவதே அரிது. நமக்கு அப்படியில்லை. ‘தொல்காப்பியம்’ என்பது நம் கண்ணுக்கு ஏழு எழுத்து. எழுத்துகளுக்குக் கணினி எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் மெய்யெழுத்தின் புள்ளியும் உயிர்மெய்யின் குறியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் கணினிக்கு அது 13. குறியீடு ஒன்றுக்கு மூன்று பைட் வீதம் 39 பைட். நம் தமிழ்த் துறையினர் தாராளமாகப் பெயர் சூட்டுகிறவர்கள். ‘2023-24 கல்வியாண்டு இளங்கலைத் தமிழ் இரண்டாமாண்டு மாணவர்களின் களப்பயண அறிக்கை மற்றும் பங்கேற்பாளர் கையொப்பப் பட்டியல்’ என்ற கோப்பு பழைய சர்வரில் சிரமமில்லாமல் இருக்கிறது, ஏனென்றால் விண்டோஸ் பைட்டை எண்ணாமல் குறியீட்டை எண்ணுகிறது. அங்கே 255 குறியீடு வரை இடம் உண்டு. புதிய பெட்டியில் இதே பெயர் 300 பைட்டைத் தாண்டும். பெட்டி ஏற்றுக்கொள்ளாது. கோப்பு பழைய இடத்திலேயே நின்றுவிடும். பிழைப் பதிவேட்டைப் படிக்காதவர்களுக்கு அது நின்றதே தெரியாது. இதுபோன்ற பெட்டிகள் பலவற்றில், கோப்புறையை மறையாக்கி, அதாவது கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாத வடிவுக்கு மாற்றிப் பூட்டினால் எல்லை 143 பைட்டாகச் சுருங்கும். அதாவது தமிழில் 47 குறியீடுகள். நீளமான பெயர்களின் பட்டியலை எடுத்துத் துறைக்கு அனுப்பியிருக்கிறோம். சுருக்கித் தாருங்கள். நாங்களே வெட்டலாம்தான், ஆனால் எந்தச் சொல்லை வெட்டினால் பொருள் கெடாது என்பது எங்களைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும்.

இந்தச் சுருக்கும் வேலையைத் தவிர வேறு எந்தச் சீரமைப்பையும் இப்போது தொடங்காதீர்கள். இடம் மாறுவதுதான் மாறுகிறோம், கோப்புறைகளையும் புதிதாக வகைப்படுத்திவிடலாமே என்று சிலருக்கு ஆர்வம் வந்திருப்பது தெரிகிறது. அகமதிப்பெண் எக்செல் கோப்பை நினைத்துப் பாருங்கள். அது ஒவ்வொரு துறையின் கோப்பிலிருந்தும் மதிப்பெண்களை முகவரி வழியாக இழுத்துக்கொள்கிறது. நடுவில் ஒரு கோப்புறையின் பெயர் மாறினாலும் இணைப்பு அறுந்துவிடும். எக்செல் அப்போது கட்டத்தைக் காலியாகக் காட்டினால்கூடப் பரவாயில்லை. கடைசியாகப் படித்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். திறக்கும்போது வரும் எச்சரிக்கையை யாரோ ஒருவர் படிக்காமல் மூடிவிட்டால், போன மாத மதிப்பெண் இந்த மாதப் பட்டியலில் ஏறிவிடும். இதற்காகத்தான் பழைய சர்வரின் பெயரையே புதிய பெட்டிக்கும் வைக்கப்போகிறோம். கோப்புறை அமைப்பும் அப்படியே இருக்கும். வகைப்படுத்தலை அடுத்த பருவத்தில் வைத்துக்கொள்ளலாம்.

அலுவலகத்துக்கு: மாடியில் இருக்கும் ஜெராக்ஸ் மெஷின் ஸ்கேன் செய்து நேரே சர்வருக்கு அனுப்புவது நின்றுபோகும். அந்த மெஷினுக்குத் தெரிந்தது வலைப்பின்னலில் கோப்புகளைப் பரிமாறும் எஸ்.எம்.பி.1 என்ற பழைய முறை மட்டுமே. 2017 மே மாதம் வான்னக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல் உலகம் முழுக்கப் பரவி இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளை முடக்கியது அந்த முறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான். புதிய பெட்டியில் அது அணைத்தே வருகிறது. ஒரு மெஷினுக்காக அதை இயக்கச் சொல்லாதீர்கள். சொன்னாலும் இயக்க மாட்டோம். ஸ்கேனை மின்னஞ்சலுக்கு அனுப்பும்படி மாற்றித் தருகிறோம்.

இனி, மாற்றம் நடக்கும் முறை. முதல் நகல் நீங்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே பின்னணியில் ஓடும். பிறகு ஒவ்வோர் இரவும், அன்று மாறிய கோப்புகள் மட்டும் போய்ச் சேரும். கடைசி நாளில் பழைய சர்வரை ‘படிக்க மட்டும்’ என்ற நிலையில் வைத்துவிட்டு இறுதி நகலை எடுப்போம். இதில் உங்கள் கவனத்துக்கு ஓர் ஆபத்து. இரவு நகல் எடுப்பது கண்ணாடி முறையில்: பழையதில் இல்லாத எதுவும் புதியதில் இருக்கக் கூடாது என்று அது அழித்துவிடும். புதிய பெட்டிதான் வந்துவிட்டதே என்று யாராவது முன்கூட்டியே அதில் ஒரு கோப்பைச் சேமித்தால், மறுநாள் காலை அது இருக்காது. தேதி அறிவிக்கும் வரை புதிய பெட்டிக்குள் நுழைய யாருக்கும் அனுமதி தரமாட்டோம் என்பதன் காரணம் இதுதான். அதிகாரத் திமிர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மாலையில் கிளம்பும்போது கோப்புகளை மூடிவிட்டுப் போங்கள். யாரோ திறந்து வைத்திருப்பதால் படிக்க முடியாத ஒரு கோப்பை ரோபோகாப்பி தானாக விட்டு நகராது. எதுவும் மாற்றாமல் ஓடவிட்டால் 30 வினாடிக்கு ஒரு முறை வீதம் பத்து லட்சம் முறை முயன்று பார்க்கும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஓர் ஆண்டு. நாங்கள் அதைக் குறைத்து வைத்திருக்கிறோம், ஆனால் குறைத்தால் விளைவு என்ன? திறந்திருந்த கோப்பு அன்றைக்கு விடுபடும்.

புதிய பெட்டியில் ஒரு டிஸ்க் போனாலும் தரவு போகாது என்பதால் தனி பேக்கப் எதற்கு என்று நிதிக் குழுவில் கேட்கப்பட்டதாக அறிகிறேன். டிஸ்க் போனால் தரவு போகாது. ஒருவர் தவறுதலாக அழித்தால் எல்லா டிஸ்கிலிருந்தும் ஒரே நொடியில் போய்விடும். பேக்கப் கட்டாயம் வேண்டும். அதற்கான மதிப்பீட்டைத் தனியே அனுப்பியிருக்கிறோம்.

பழைய சர்வரை மாற்றம் முடிந்த மறுநாளே காயலான் கடைக்கு அனுப்பும் பேச்சையும் நிறுத்திவையுங்கள். வலைப்பின்னலிலிருந்து கழற்றி, அடுத்த பருவத் தேர்வு முடிவுகள் வெளியாகும் வரை கணினி அறையிலேயே பூட்டி வைப்போம். ஒரு கோப்பு விடுபட்டது என்று தெரிய வருவது பெரும்பாலும் அது தேவைப்படும் நாளில்தான். பிறகு டிஸ்குகளைச் சுத்தமாக அழித்துவிட்டுப் பெட்டியை மட்டும் கொடுப்போம்.

பொங்கலுக்குள் முடிப்பது உங்கள் கையில் இருக்கிறது. பொறுப்பாளர் பட்டியல் டிசம்பர் பாதிக்குள் வந்தால் விடுமுறையில் முடித்துவிடலாம். வராத துறைகளின் கோப்புறைகள் பழைய சர்வரிலேயே ‘படிக்க மட்டும்’ நிலையில் இருக்கும். அவற்றை எல்லோருக்கும் திறந்துவைத்து மாற்றும் வேலையை நாங்கள் செய்வதாக இல்லை. தேர்வு நெறியாளர் அலுவலகத்தின் தாள் முதலில் வரட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வினாத்தாள் கோப்புறையை இரவு நகலில் இன்னும் சேர்க்கவில்லை. அதற்கான பெயர்கள் முதல்வரின் கையெழுத்தோடு வந்த பிறகே சேர்ப்போம்.

இப்படிக்கு,
கணினிப் பிரிவு ஊழியர் ஒருவர்