கரண்டி ஆண், முள்ளுக்கரண்டி பெண்

டோர்ட்மூண்ட்,
ஞாயிறு பின்னேரம்

அன்புள்ள தங்கச்சி,

போனில் கதைத்தால் அம்மா இடையில் புகுந்து "என்ன கறி வைச்சனி?" என்று கேட்பா, பிறகு டொச்சை, அதாவது ஜேர்மன் மொழியைப் பற்றின கதையே வராது. அதனால்தான் இருந்து எழுதுகிறேன். இதை உன் டொச் கொப்பிக்குள் வைத்துக்கொள்.

விசாவுக்கான டொச் சோதனைக்கு இருநூறு சொல் பாடமாக்கியும் வாயைத் திறந்தால் ஒன்றும் வருகுதில்லை என்று அழுதாயாம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. வாய்ப்பாடும் தேவாரமும் பாடமாக்கி வளர்ந்த எங்களுக்கு, படிப்பு என்றால் கொப்பியைப் பார்த்து முணுமுணுப்பதுதானே.

வந்த புதிதில் டாக்டரிடம் "ஹால்ப் நொயின்" மணிக்கு வரச் சொன்னார்கள். ஹால்ப் என்றால் அரை, நொயின் என்றால் ஒன்பது. இரண்டும் நான் பாடமாக்கின சொற்கள். ஒன்பதரைக்குப் போய் நின்றேன். வரவேற்பில் இருந்தவ மணிக்கூட்டைக் காட்டித் தலையை ஆட்டினா. ஹால்ப் நொயின் என்றால் எட்டரை! எங்களுக்கு ஒன்பது முடிந்து அரை. இவர்களுக்கு ஒன்பதுக்குப் போகிற வழியில் அரை. பொருமிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இலக்கமும் அப்படித்தான். 47ஐ "ஏழும் நாற்பதும்" என்பார்கள். யாரும் போன் நம்பர் சொன்னால் என் கை 74 என்று எழுதும். கொப்பியை விட்டுவிட்டு, தெருவில் போகிற கார்களின் நம்பர் பிளேற்றை வாய்விட்டு வாசித்துத்தான் அது சரிவந்தது. நீயும் ரவுணில் பஸ்ஸுக்கு நிற்கும்போது செய்து பார். சோதனையின் பேச்சுப் பகுதியில் பெயரை எழுத்துக்கூட்டவும், ஒரு இலக்கத்தைச் சொல்லவும் கேட்பார்கள். உன் பெயர் நீளம், இப்போதே பழகு.

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வருகிற டேர் (ஆண்), டீ (பெண்), டாஸ் (இரண்டும் இல்லை) தான் பெரிய கரைச்சல். கரண்டி ஆண், முள்ளுக்கரண்டி பெண், கத்தி இரண்டும் இல்லை. அதைவிடப் பகிடி, மேட்ஷென், அதாவது பெண்பிள்ளை, அவளும் டாஸ்! உயர்திணை அஃறிணை படித்த எங்களுக்கு இது பெரிய அநியாயம். ஆனால் காரணம் இருக்கிறது: "ஷென்" என்று முடிகிற செல்லச் சொல் எல்லாம் டாஸ். "உங்" என்று முடிகிற பெயர்ச்சொற்கள் அநேகமாக டீ. இப்படி வால் பார்த்துப் பிடிக்கக்கூடியதைப் பிடி. மிச்சத்துக்கு நான் ஆணுக்கு நீலம், பெண்ணுக்குச் சிவப்பு, டாஸுக்குப் பச்சை என்று அட்டை எழுதி, ஒரு பிஸ்கற் பேணிக்குள் ஐந்து தட்டு வைத்தேன். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த தட்டுக்குப் போகும், பிழைத்தது முதலாம் தட்டுக்குத் திரும்பி வரும். முதலாம் தட்டை ஒவ்வொரு நாளும் பார்ப்பேன், கடைசித் தட்டை எப்பவாவது. லைட்னர் என்பவர் 1972 இல் சொன்ன முறை என்று எங்கள் ரீச்சர் சொன்னா. அதற்கும் முன்னம், 1885 இல், எபிங்ஹவுஸ் என்ற ஜேர்மன்காரர் அர்த்தமில்லாத அசைகளைப் பாடமாக்கி, எவ்வளவு கெதியாக மறக்கிறார் என்று தன்னையே சோதித்து எழுதியிருக்கிறார். மறதியைக்கூட ஆராய்ச்சி செய்கிற ஆட்கள்!

ஆனால் அட்டை இல்லாமலே ஒட்டின சொல் ஒன்று இருக்கிறது. தேத்தண்ணி வடி வாங்கப் போனேன். பெயர் தெரியாது. "தண்ணி போகும், தேயிலை நிற்கும்" என்று தெரிந்த டொச்சில் சொல்லிக் கையால் ஊற்றிக் காட்டினேன். கடைக்காரி "ஆ, ஐன் ஸீப்!" என்று எடுத்துத் தந்தா. இத்தனை வருடமாகியும் ஸீப் மறக்கவில்லை. அவ சிரித்ததும் மறக்கவில்லை.

இன்னொன்று. தமிழை ஆங்கிலமாக்கி, ஆங்கிலத்தை டொச்சாக்காதே. நான் அப்படிச் செய்து கனகாலம் வீணாக்கினேன். "வைல்", அதாவது "ஏனென்றால்", என்று தொடங்கினால் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும்: வைல் இஷ் ஃபீபர் ஹாபெ. "ஏனென்றால் எனக்குக் காய்ச்சல் இருக்கிறது" என்பதிலும் இருக்கிறது கடைசியில்தானே இருக்கிறது? வகுப்பில் மற்றவர்கள் இதில் தடக்கி விழ, நான் தமிழ் மாதிரியே சொல்லிவிட்டுப் போனேன்.

இங்கே வந்தபிறகு 600 பாடவேளை மொழி வகுப்பு, நாட்டின் சட்டம் சரித்திரத்துக்கு 100. ஒரு பாடவேளை 45 நிமிடம். அதைப் பிறகு பார்ப்போம். ஆனால் இங்கே வந்தால் தானாக டொச் வந்துவிடும் என்று நினைக்காதே. தமிழ்க் கடை இருக்கிறது, ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோவில் கிட்டத்தான். தேருக்குப் போனால் நல்லூர் வீதியில் நிற்கிற மாதிரி இருக்கும். நாள் முழுக்க ஒரு டொச் சொல் இல்லாமல் இருக்கலாம், இருந்தும் இருக்கிறேன். பிறகுதான் ட்ராமில் அடுத்த தரிப்பிடத்தை அறிவிக்கும்போது கூடவே வாய்க்குள் சொல்லத் தொடங்கினேன். பக்கத்தில் இருந்த கிழவர் ஒருமாதிரிப் பார்த்தார். பார்க்கட்டும்.

விசாவுக்கு 100க்கு 60 போதும். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேச்சு என்று நாலு பகுதி. கொழும்புக்குச் சோதனைக்குப் போகும்போது யாழ்தேவி ரயிலில் புதுச்சொல் ஒன்றும் பாடமாக்காதே, தெரிந்ததைக் கதைத்துக்கொண்டு போ.

அடுத்த கிழமைக்குள், சூட்கேசில் கொண்டுவரப்போகிற சாமான்களை டேர், டீ, டாஸ் போட்டு டொச்சில் எழுதி அனுப்பு. மிளகாய்த்தூள் முதலாவதாக இருக்கவேண்டும். ஒடியல் மாவுக்கு டொச்சில் சொல் இல்லை, எப்படிச் சமாளிக்கிறாய் என்று பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா