நீயும் நீலம், நானும் நீலம்

அன்புள்ள தம்பிக்கு,

போன பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தபோது பெங்களூரு எஃப்.சி. கால்பந்து கிளப்பின் சட்டையைப் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாய். எனக்கு முதலில் உறைக்கவில்லை, நம்ம சென்னையின் எஃப்.சி. சட்டை, அது ரெண்டும் நீலம்தானே. நெஞ்சில் இருந்த சின்னத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. என்னடா இது என்று கேட்டதற்கு, "உங்க டீம்ல தமிழ்ப் பையன் எத்தனை பேரு ஆடுறான்க்கா? எங்க டீம்ல சிவசக்தி இருக்கான், காரைக்குடிப் பக்கம்" என்றாய். நான் பதில் சொல்லாமல் கரும்பு வெட்டப் போய்விட்டேன். அன்றைக்கு வாயில் வராத பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம், இந்தச் சண்டை நம் வீட்டில் மட்டும் நடப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

முதலில் நீ சொன்னதில் உள்ள உண்மையை ஒப்புக்கொள்கிறேன், ஏனென்றால் அது எனக்கும் வலிக்கிறது. கண்டனூரில் பந்து உதைத்து வளர்ந்த சிவசக்தி நாராயணன் 2022 டியூரண்ட் கோப்பை இறுதி ஆட்டத்தில் மும்பை சிட்டிக்கு எதிராக அடித்த கோலைப் பார்த்துவிட்டு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேனோ அவ்வளவு வயிற்றெரிச்சலும் பட்டேன். இந்தப் பையன் எப்படி நமக்குக் கிடைக்காமல் போனான்? அப்புறம் நந்தகுமார் சேகர். சென்னைப் பையன். 2023 ஆகஸ்டில் கொல்கத்தாவில், அதே ஊர் மோகன் பகானிடம் வருஷக்கணக்கில் தோற்றுக்கொண்டே இருந்த ஈஸ்ட் பெங்கால் ஒரே ஒரு கோலில் ஜெயித்ததே, அந்த ஒரு கோல் நந்தா அடித்தது. கொல்கத்தாக்காரர்கள் அவனைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் ஜாம்ஷெட்பூருக்கும் கொல்கத்தாவின் ஏ.டி.கே.வுக்கும் ஆடினான். வியாசர்பாடியில் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் பந்து உருளும் சத்தம் கேட்கிற ஊரில், நம்ம பசங்களை எதிர் டீம் சட்டையில் பார்ப்பது எனக்கு ஒருநாளும் பழகாது. இதில் நம்ம கிளப் மேல் எனக்கு உண்மையாகவே கோபம் இருக்கிறது. அதை மறைக்கப் போவதில்லை.

ஆனால் நீ கேட்ட கேள்வி முழுசாகச் சரியில்லைடா. அதைச் சொல்ல 2018-க்குப் போகவேண்டும்.

மார்ச் 13, ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) போட்டியில் கோவாவோடு அரையிறுதி, ரெண்டாவது ஆட்டம். கோவாவில் அனிருத் தாபா அடித்த கோலால் 1-1 என்று வந்திருந்தோம். சென்ட்ரலில் இறங்கி பெரியமேடு நேரு ஸ்டேடியத்துக்கு வேகவேகமாக நடந்தோம், உனக்கு அடுத்த நாள் இன்டர்னல் பரீட்சை, புத்தகத்தைப் பையிலேயே வைத்திருந்தாய். இருபத்தாறாவது நிமிஷம் ஜெஜே அடித்தார். கத்தி முடித்து உட்காருவதற்குள், மூன்றே நிமிஷத்தில், தனபால் கணேஷ். எனக்கு அந்தக் கோல் வலைக்குள் போனது இப்போது சரியாக ஞாபகம் இல்லை. ஞாபகம் இருப்பது நமக்கு முன்வரிசையில் நின்ற பெரியவர்தான். கடலை மடித்து வந்த காகிதத்தைக் கையில் கசக்கிப் பிடித்தபடி, "நம்ம ஊரு பையன், நம்ம ஊரு பையன்" என்று யாரைப் பார்த்துச் சொல்கிறோம் என்றே தெரியாமல் சொல்லிக்கொண்டிருந்தார். உன்னைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினார். நீ அழுதாய். பிறகு கேட்டதற்கு இல்லை என்றாய், நான் பார்த்தேன்டா. கடைசியில் ஜெஜே இன்னொன்று போட, 3-0.

நாலு நாள் கழித்து உன் இப்போதைய கோட்டையிலேயே இறுதி ஆட்டம், ஸ்ரீ கண்டீரவா ஸ்டேடியம். லீக்கில் பெங்களூரு 40 புள்ளி, நாம் 32. அவர்கள் மண், அவர்கள் கூட்டம். ஒன்பதாவது நிமிஷத்திலேயே அவர்கள் கேப்டன் சுனில் சேத்ரி பாய்ந்து ஹெட் பண்ணினார். முடிந்தது என்று நீ தலையைக் குனிந்துகொண்டாய். அப்புறம் கிரெகரி நெல்சன் கார்னர் போடப் போட, பிரேசில்காரர் மெயில்சன் ஆல்வெஸ், அவர் டிஃபெண்டர், ஒன்று இல்லை ரெண்டு தடவை எழும்பி முட்டினார். ரஃபேல் அகஸ்டோ தூரத்திலிருந்து மூன்றாவதை அடித்தார். கடைசி நேரத்தில் பெங்களூருவின் மிக்கு ஒன்று போட்டும் 3-2. கோப்பை நமக்கு.

இப்போது சொல். அன்று ராத்திரி பஸ்ஸில் தொண்டை கட்டிப்போய் நீ யார் பேரைச் சொல்லிக்கொண்டு வந்தாய்? மெயில்சன் பேரை. அவருக்கும் நமக்கும் ஒரு வார்த்தை பொது மொழி கிடையாது. மிசோரத்தில் பிறந்த ஜெஜே சென்னைக்கு அடித்த கோல்களுக்கு ஊரே எழுந்து நின்றது (இப்போது அவர் தன் ஊரில் எம்.எல்.ஏ., தெரியுமா). டேராடூன் பையன் தாபா பதினெட்டு வயசில் வந்து நம்ம கண் முன்னால் வளர்ந்து கேப்டன் ஆனான், 2023-ல் மோகன் பகானுக்குப் போனபோது வீட்டுப் பையன் வெளியூருக்குப் போன மாதிரி இருந்தது. கணேஷின் கோல் தந்த சந்தோஷம் தனி ருசி, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பெரியவர் நாலு நாள் கழித்து மெயில்சனுக்கும் அதே மாதிரி கத்தியிருப்பார். நம்ம ஆள் ஆவதற்கு நம்ம ஊரில் பிறந்திருக்க வேண்டும் என்று இல்லை, நமக்காக ஓடினால் போதும். நம்ம ஊரில் பிறந்தவனும் நமக்காக ஓடவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ரெண்டையும் சேர்த்தே கேட்கிறேன், ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

உண்மையில் உன் டீமிடம் எனக்குப் பொறாமை வேறு விஷயத்தில். நீங்கள் சேத்ரியை வைத்துக்கொண்டீர்கள். 2013-லிருந்து ஒரு மனுஷன் அதே கிளப்பின் முகமாக நிற்கிறார். நாற்பது வயசில், 2024 டிசம்பரில், கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்தாரே, எதிராளியாக இருந்தும் அன்றைக்கு நான் டிவியை நிறுத்தவில்லை. நம்ம பக்கம் பார். 2020 இறுதி ஆட்டம் வரை நம்மைக் கொண்டுபோன கோச் ஓவன் காயிலும், 15 கோல் அடித்த வால்ஸ்கிஸும் அடுத்த சீசனே ஜாம்ஷெட்பூரில். ஜெஜே ஈஸ்ட் பெங்காலுக்கு. ஒரு டீம் செட் ஆகும்போதெல்லாம் பிரிந்துபோகிறது. 2024-25-ல் பதினோராவது இடத்தில் முடித்தோம், அதிலும் கானர் ஷீல்ட்ஸ் மாதிரி ஒருவர் ஆட்டத்துக்கு ஆட்டம் மூச்சு வாங்க ஓடி மற்றவர்களுக்குப் பந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அவர் கொடுத்த பாதிப் பந்து வலைக்குள் போயிருந்தால் கதையே வேறு.

கேரளாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர்களைப் பிடிக்காத விஷயத்தில் நீயும் நானும் ஒரே கட்சி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். 2014 அரையிறுதி ஞாபகம் இருக்கா, அப்பா கூட்டிப்போனது? கொச்சியில் 3-0 தோற்றுவிட்டு வந்து இங்கே 3-0, மூன்றாவது கோலை ஜெஜே தொண்ணூறாவது நிமிஷத்தில் போட்டார். கூடுதல் நேரத்தில் அவர்களின் பியர்சன் ஒன்றை அடித்து நம்மை வெளியே அனுப்பினார். அன்றைக்கு அவர்கள் சட்டையின் மஞ்சள் நிறத்தையே வெறுத்தேன். இப்போது அப்படி இல்லை. மூன்று இறுதி ஆட்டம் தோற்றும், ஒரு ஐ.எஸ்.எல். கோப்பைகூட இல்லாமல், கலூர் ஸ்டேடியத்துக்கு அவர்கள் திரள்வது சாதாரண விஷயம் இல்லைடா. 2023 மார்ச்சில் கண்டீரவாவில் அவர்கள் சுவர் கட்டி முடிப்பதற்குள் சேத்ரி ஃப்ரீ கிக்கை அடித்தார், கேரளா கோச் டீமையே வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார். நீ அதை இன்னும் கொண்டாடுகிறாய். விதிப்படி அது கோல்தான், வெளியேறியது பெரிய தப்பு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நாக் அவுட் ஆட்டம் ஒன்று கூடுதல் நேரம் முடிவதற்கு முன்பே அப்படி முடிந்ததில் எனக்குக் கொண்டாட எதுவும் தெரியவில்லை.

இதையும் நினைத்துப் பார். 2025-ல் ஐ.எஸ்.எல்.லையே நிறுத்தி வைத்து, அடுத்த சீசன் நடக்குமா நடக்காதா என்று மாசக்கணக்கில் தெரியாமல் கிடந்தோமே, அப்போது நான் தினமும் யாரிடம் புலம்பினேன்? உன்னிடம். ஆபீஸில் பக்கத்து சீட்டில் இருக்கும் திருச்சூர்க்காரப் பெண்ணிடம். அந்த வருஷம் ஏப்ரலில் இறுதி ஆட்டத்தில் பெங்களூரு கூடுதல் நேரத்தில் மோகன் பகானிடம் தோற்றபோது, நீ போனை எடுக்கவில்லை. நான் அன்றைக்கு உன் டீம் ஜெயிக்கவேண்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். உன்னிடம் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

அடுத்த தடவை பெங்களூரு இங்கே ஆட வரும்போது லீவு போட்டுவிட்டு வா. உன் சட்டையையே போட்டுக்கொள், நான் கழட்டச் சொல்ல மாட்டேன். சென்ட்ரலில் இறங்கி அதே வழியில் நடப்போம். உள்ளே போனதும் நீ உன் ஆட்களோடு உட்கார், நான் என் இடத்தில் இருப்பேன். சிவசக்தி கோல் போட்டால் நானும் எழுந்து கை தட்டுவேன், சத்தியமாக. நம்ம பக்கம் யாராவது போட்டால், யார் போட்டாலும், எந்த ஊர்க்காரர் போட்டாலும், எழுந்து என்னைத் திரும்பிப் பார்.

அன்புடன்,
அக்கா