எஞ்சினைச் சூடாக்கி வைக்காதீர்கள்: நீலகிரியில் பழைய வண்டி விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நீலகிரி மாவட்டத்தில் பழைய கார், வேன் வாங்கி விற்கும் வணிகர்களுக்கும் தரகர்களுக்கும் வணக்கம்.

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பேக்கரியில் வர்க்கியும் பன்னும் எடுத்து, வழியில் உள்ள டீக்கடைகளுக்குப் போடுவது என் தொழில். விடியற்காலை 4.30 மணிக்கு வண்டி கிளம்பியாக வேண்டும். 6 மணிக்கு மேல் கொண்டுபோனால் கடைக்காரர் வேறு ஆளிடம் வாங்கியிருப்பார். ஆறு வருஷம் வாடகை வண்டியில் போட்டேன். வாடகை போகக் கையில் நிற்பது குறைந்துகொண்டே வந்ததால், போன தை மாதம் சொந்தமாக ஒரு பழைய வேன் வாங்கத் துணிந்தேன்.

கையில் இருந்தது ரூ.1,40,000. தவணை இல்லை, கடன் இல்லை, முழுக்க ரொக்கம். அதில் ரூ.90,000, தேயிலைத் தோட்டத்தில் 38 வருஷம் உழைத்த என் அப்பாவின் கிராஜுவிட்டியில் மிச்சம் வைத்திருந்தது. மீதி என் சீட்டுப் பணம். இந்தத் தொகைக்கு என்ன வண்டி கிடைக்கும், எத்தனை வருஷத்து வண்டி கிடைக்கும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். புதுசு போல இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மலையில் ஏறி இறங்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டேன்.

ஐந்து இடங்களில் பார்த்தேன். ஐந்திலும், நான் போய்ச் சேரும்போது எஞ்சின் ஏற்கெனவே ஓடிச் சூடாகியிருந்தது. ஐந்திலும், தெருவில் சமதளத்தில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார்கள். "இறக்கத்துல ஒரு தடவை ஓட்டிப் பார்க்கணுங்க அண்ணா" என்று கேட்டபோது ஒருவர் டீசல், பெட்ரோல் விலையைச் சொன்னார், ஒருவர் இன்சூரன்ஸ் என்றார், ஒருவர் "அக்கா, வீட்டு ஆம்பளைங்க யாரையாவது கூட்டிட்டு வாங்க, பேசிக்கலாம்" என்றார். இருபது வருஷமாக இந்த ரோட்டில் ஓட்டுகிறவள் நான். என் லைசென்ஸை வாங்கிப் பார்க்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

வாங்கத் தெரியாமல் வாங்கிவிட்டாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதால் இதையும் எழுதுகிறேன். டயரின் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தைப் பார்த்தேன். 3219 என்றிருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத்தில் செய்த டயர். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துச் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பார்த்தேன், தரை விரிப்பைத் தூக்கி முகர்ந்தேன். 2015-லும் 2023-லும் சென்னையில் வெள்ளம் வந்தபோது தண்ணீரில் நின்ற வண்டிகள் எத்தனை ஊர்களுக்குக் கைமாறிப் போயின என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆயில் மூடியைத் திறந்து பார்த்தேன். பால் கலந்த டீ போல வெளுப்பாக இருந்தால் ஹெட் கேஸ்கட் (எஞ்சினில் தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் தடுக்கும் தகடு) போயிருக்கும் என்று கீழே சமவெளியில் சொல்வார்கள். இந்தக் குளிரிலும் பனியிலும், கொஞ்ச தூரமே ஓடுகிற வண்டியில், மூடிக்கு அடியில் ஈரம் கட்டியும் அப்படி வரும். அதனால் கூலண்ட் குறைகிறதா, ரேடியேட்டர் தண்ணீரில் குமிழி வருகிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பார்த்தேன். போனில் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு இன்சூரன்ஸ், எஃப்.சி. (தகுதிச் சான்று), பேங்க் கடன், அபராதச் சலான் எல்லாவற்றையும் சரிபார்த்தேன்.

நிற்கிற வண்டியில் பார்க்க முடிந்ததை எல்லாம் பார்த்துவிட்டேன். ஓடுகிற வண்டியில் மட்டுமே தெரிவதை நீங்கள் பார்க்க விடவில்லை.

வாங்கி மூன்று வாரம் கழித்து, மாசியில் ஒரு புதன்கிழமை, அப்பாவை இதயப் பரிசோதனைக்குக் கோயம்புத்தூர் கூட்டிப்போனேன். இரண்டு மாதம் காத்திருந்து கிடைத்த நாள் அது. கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் வரை முப்பது சொச்சம் கிலோமீட்டரில் 1,400 மீட்டருக்கு மேல் இறங்க வேண்டும். அரவேனு தாண்டும் வரை ஒன்றும் தெரியவில்லை. முள்ளூர் தாண்டியதும் பிரேக் பெடல் மெத்தென்று ஆனது. குஞ்சப்பனைக்கு மேலே ஒரு வளைவில் மிதித்தேன், பெடல் தரை வரை போனது. வண்டி நிற்கவில்லை.

எதிரே காய்கறி லாரி ஏறி வந்துகொண்டிருந்தது. மூன்றாவது கியரிலிருந்து இரண்டுக்கு இறக்கினேன், எஞ்சின் அலறியது. ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, முன் சக்கரத்தை மலைப்பக்கத்து வாய்க்காலில் விட்டு, பக்கத்து மண்சுவரில் உரசி நிறுத்தினேன். பள்ளத்துப் பக்கம் அது நடந்திருந்தால் இந்த மடலை எழுத நான் இல்லை. அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. கதவைத் திறந்து இறங்கினார், நடுங்கிக்கொண்டே ஒரு கல்லைத் தூக்கிவந்து சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார். கனமான எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிற மனுஷன். தூக்காதீங்கப்பா என்று சொல்லக்கூட எனக்குக் குரல் வரவில்லை.

மூன்று மணி நேரம் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தோம். பலாப்பழக் காலம் வந்தால் யானை இறங்குகிற இடம். போகிற பஸ்ஸெல்லாம் நிறைந்து போனது. பரிசோதனை நாள் தவறியது. அடுத்த நாள் கிடைக்க மறுபடியும் இரண்டு மாதம்.

வண்டியைக் கட்டி இழுத்துப்போய் மேட்டுப்பாளையத்தில் பிரித்தார்கள். முன் சக்கரத்தில் பிரேக் பேட் தேய்ந்து இரும்பு தெரிந்தது. பின் சக்கரத்தில் வீல் சிலிண்டர் கசிந்து பிரேக் ஷூ முழுக்க எண்ணெயில் ஊறியிருந்தது. பிரேக் ஆயில் டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பழசானால் தண்ணீர் சேர்ந்து கொதிநிலை இறங்கிவிடும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது அது கொதித்து ஆவியாகும். ஆவியை மிதித்தால் அழுத்தம் சக்கரத்துக்குப் போகாது. சமதளத்தில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சுற்று போனால் இது எதுவும் தெரியாது. அரை மணி நேர இறக்கம் தேவை. கிளட்ச் தகடும் முடிந்திருந்தது, அது வேறு கணக்கு. எல்லாம் சேர்த்து ரூ.18,600. வர்க்கி போட்டு அந்தப் பணத்தைச் சேர்க்க எத்தனை விடியற்காலை ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு விற்றவரிடம் போய்க் கேட்டேன். "பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும், பார்த்துத்தானே எடுத்தீங்க" என்றார். பெயரைச் சொல்லி அவரைச் சந்தியில் நிறுத்த இந்த மடலை எழுதவில்லை. மற்ற நாலு இடத்திலும் இதே பதில்தான் வந்திருக்கும் என்பதால் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

என் கோரிக்கை ஒன்றுதான். வாங்க வருகிறவருக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். எஞ்சினைச் சூடாக்கி வைக்காமல், குளிர்ந்த வண்டியை அவர் முன்னால் ஸ்டார்ட் செய்யுங்கள். ஒரு முழு இறக்கமும் ஒரு முழு ஏற்றமும் ஓட்டிப் பார்க்க விடுங்கள். அவர் கூட்டிவருகிற மெக்கானிக்கைக் கீழே படுத்துப் பார்க்க விடுங்கள்.

குளிர்ந்த எஞ்சின் ஏன் என்றால், பேட்டரி செத்திருப்பதும், டீசல் வண்டியில் குளிரில் ஸ்டார்ட் ஆக எஞ்சினைச் சூடாக்கும் குளோ பிளக் வேலை செய்யாததும், ஆயில் எரிந்து முதல் புகை நீலமாக வருவதும் விடிகாலை முதல் ஸ்டார்ட்டில்தான் தெரியும். ஏற்றம் ஏன் என்றால், ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைகிறது. டர்போ இல்லாத எஞ்சினுக்கு அந்த அளவு சக்தியும் குறைகிறது. கோயம்புத்தூரில் அருமையாக ஓடிய வண்டி 2,240 மீட்டரிலுள்ள ஊட்டியில் மூச்சு வாங்குவதும், கிளட்ச் வழுக்குவதும், ரேடியேட்டர் பொங்குவதும் ஏற்றத்தில்தான் வெளிப்படும். அதற்காக மேட்டுப்பாளையம் வரை போய்வர வேண்டியதில்லை. அரை மணி நேரம் இறங்கி, திரும்ப ஏறினால் போதும். பெட்ரோல் செலவு எங்களுடையது. லைசென்ஸை உங்களிடம் கொடுத்துவிடுகிறோம். நீங்களே பக்கத்தில் உட்காருங்கள், அல்லது உங்கள் ஆள் ஓட்டட்டும், நாங்கள் பக்கத்தில் உட்காருகிறோம்.

உங்கள் தரப்பில் சிரமம் இருப்பது எனக்குத் தெரியும். பொழுதுபோகாமல் வண்டி பார்க்க வருகிறவர்களும் உண்டு. முன்பணம் வாங்கிக்கொள்ளுங்கள், ரசீது கொடுங்கள், வண்டி பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுங்கள். ஓட்டிப் பார்க்க விடச் சட்டத்தில் இடமில்லை என்றும் சொல்ல முடியாது. 2022 டிசம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, 2023 ஏப்ரல் 1 முதல், பழைய வண்டி வாங்கி விற்கும் வணிகர் போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். வண்டி உங்கள் கைக்கு வந்ததைப் பழைய உரிமையாளர் படிவம் 29சி மூலம் தெரிவிக்க வேண்டும். அதன்பின் அந்த வண்டிக்கு நீங்களே பொறுப்பு. வண்டி எதற்காக வெளியே போனது, யார் ஓட்டினார், எவ்வளவு தூரம் என்று மின்னணுப் பதிவேடு வைக்கவும் சொல்லியிருக்கிறது. நான் போன ஐந்து இடங்களில் ஒன்றில்கூட அந்தச் சான்று சுவரில் தொங்கவில்லை.

என் வேனின் ஆர்.சி. இன்றைக்கும் திருப்பூரில் இருக்கும் ஒருவர் பெயரில்தான் இருக்கிறது. நடுவில் எத்தனை கை மாறியதோ, எனக்குக் கிடைத்தது கையெழுத்து மட்டும் போட்ட வெற்று உரிமை மாற்றப் படிவங்கள், 29-உம் 30-உம். உரிமை மாற்றத்தை விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். அன்றைக்குக் குஞ்சப்பனையில் நான் அந்த லாரியில் மோதியிருந்தால், திருப்பூரில் இருக்கிற அந்த முகம் தெரியாத மனிதர் வீட்டுக்குத்தான் முதலில் போலீஸ் போயிருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2024 மே 7 முதல் மலைக்கு வர இ-பாஸ் வேண்டும் என்று ஆனதிலிருந்து, நீலகிரிப் பதிவான டி.என். 43 எண் இருந்தால் பாஸ் வேண்டாம் என்பதைச் சொல்லியே பதினைந்தாயிரம், இருபதாயிரம் கூட்டிக் கேட்கிறீர்கள். கூட்டம் தாங்காமல் கோர்ட் போட்ட உத்தரவு அது. அதில் உங்களுக்கு ஏன் லாபம் வர வேண்டும்? அந்த எண்ணுக்குக் கூடுதல் காசு கேட்கிறவர், அதே எண்ணுள்ள வண்டியை இந்த மலையில் ஓட்டிப் பார்க்க விடமாட்டேன் என்கிறார். சாயங்காலம் ஆறரைக்கு மேல் எங்கள் ஊருக்குப் பஸ் கிடையாது. சொந்த வண்டி இங்கே ஆடம்பரம் இல்லை. பிரசவமோ நெஞ்சு வலியோ வந்தால் யார் வீட்டு வண்டி வாசலில் நிற்கிறது என்றுதான் ஊரே பார்க்கிறது. அந்த வண்டி உங்களிடமிருந்துதான் வருகிறது.

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். உங்களில் நேர்மையாகத் தொழில் செய்கிறவர்களும் இருப்பார்கள். அவர்கள் இதைப் படித்து வருத்தப்பட வேண்டாம். கேட்பது அதே ஒரு மணி நேரம்தான்: குளிர்ந்த எஞ்சின், ஒரு இறக்கம், ஒரு ஏற்றம், எங்கள் மெக்கானிக்.

என் சித்தி மகள் ரூ.1,20,000 சேர்த்து வைத்திருக்கிறாள். அவளுக்கு ஒரு சின்ன கார் பார்க்க, வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்குக் குன்னூரில் உங்களில் ஒருவரிடம் வருகிறோம். அப்பாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். நாங்கள் வந்து பானெட்டில் கை வைத்துப் பார்க்கும் வரை தயவுசெய்து வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

இப்படிக்கு,
கோத்தகிரியிலிருந்து ஒரு வர்க்கி வியாபாரி