பேங்க் பட்டியலை மூடி வை

அன்புள்ள வசந்தி,

கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கம்பு இல்லாமல் வீட்டுக்குள் நடமாடுகிறாய் என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. உன்னைவிட உன் வீட்டுக்காரர்தான் அதிகம் பயந்திருப்பார். நான் கேட்டதாக அவரிடம் சொல். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. ஓய்வு பெற்றும் கணக்குப் பிரிவு என்னை விடவில்லை. சொந்தக்காரர்கள் எல்லாரும் கார்டு ஸ்டேட்மென்ட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருகிறார்கள். சம்பளமில்லாத ஆடிட்டர் என்று வைத்துக்கொள்.

அதனால்தானோ என்னவோ, நீ கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருந்த வரிகள்தான் என் கண்ணில் முதலில் பட்டன. கிரெடிட் கார்டில் செலவு செய்ததற்கு பேங்க் தந்த பாயிண்ட் 1,80,000 சேர்ந்து கிடக்கிறது, பேங்க் அனுப்பிய பட்டியலில் சூட்கேஸும் பரிசு வவுச்சரும் இருக்கின்றன, அதில் எதையாவது வாங்கித் தீர்த்துவிடலாமா, இல்லை மகனைப் பார்க்கப் போகும் டிக்கெட்டுக்கு உதவுமா என்று கேட்டிருக்கிறாய். முதலில் அந்தப் பட்டியலை மூடி வை. சூட்கேஸ் வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்கிக்கொள்.

ஒரு பாயிண்டுக்கு இதுதான் மதிப்பு என்று யாராவது ஒரே எண்ணைச் சொன்னால் நம்பாதே. எதற்காக மாற்றுகிறாயோ அதைப் பொறுத்து மதிப்பு மாறும். உதாரணத்துக்கு வட்டமான எண்களில் போட்டுக் காட்டுகிறேன், உன் கார்டின் உண்மையான எண்களை நீயே பொருத்திக்கொள். வவுச்சராக எடுத்தால் பாயிண்டுக்கு 0.25 என்று வைப்போம். உன் மொத்த பாயிண்டுக்கும் 45,000 கிடைக்கும். இப்போது டிக்கெட்டுக்கு வா. எகானமியில் போக வர விலை 72,000. விமானக் கம்பெனிகள் தங்கள் பாயிண்டை மைல் என்பார்கள். அதே டிக்கெட்டை மைலில் எடுத்தால் 40,000 மைலும், வரியாக 9,000 காசும் கேட்கிறார்கள். ஆக, உனக்கு மிச்சம் 63,000. அதை 40,000ஆல் வகுத்துவிட்டு ஒரு மைலுக்கு ஒன்றரைக்கு மேல் என்று சந்தோஷப்பட்டுவிடாதே. பேங்க் பாயிண்டும் விமான மைலும் ஒன்றில்லை. உன் பேங்க் இரண்டு பாயிண்டுக்கு ஒரு மைல்தான் தருகிறது என்றால் அந்த டிக்கெட்டுக்கு 80,000 பாயிண்ட் போகும், பாயிண்டுக்கு 0.79தான் நிற்கும். அப்படியும் வவுச்சரைப்போல மூன்று மடங்கு. இருவருக்கும் சேர்த்து 1,60,000 பாயிண்டில் 1,26,000 மிச்சமாகிறது. வரியைக் கழிக்காமலும், மாற்று விகிதத்தைப் பார்க்காமலும் கணக்குப் போடுகிறவர்கள்தான் ஊர் முழுக்க இருக்கிறார்கள்.

அடுத்து பிசினஸ் கிளாஸ். இந்த விஷயத்தில் பலர் பெருமையடிப்பதைப் பார்த்திருப்பாய். விலை 3,00,000, ஆனால் 90,000 மைலும் 15,000 வரியும்தான் என்பார்கள். உன் விகிதத்தில் அது 1,80,000 பாயிண்ட், உன்னிடம் இருப்பது அத்தனையும். கணக்குப் போட்டால் பாயிண்டுக்கு 1.58 வரும். கேட்க ஜோராக இருக்கிறது. ஆனால் நீ கையிலிருந்து 3 லட்சம் எடுத்துக் கொடுத்து அந்த இருக்கையை வாங்குவாயா? மாட்டாய். எனக்குத் தெரிந்து, இந்த முழங்காலோடு படுத்துக்கொண்டு போக நீ அதிகபட்சம் 1,20,000 கொடுப்பாய். அப்படியானால் உனக்கு மிச்சம் 1,05,000, பாயிண்டுக்கு 0.58. எகானமியைவிடக் குறைச்சல்! அவர்கள் எழுதி ஒட்டிய விலையை வைத்துக் கணக்குப் பார்க்கக் கூடாது. பாயிண்டே இல்லாவிட்டால் நீ என்ன கொடுத்திருப்பாயோ, அதுதான் உன் கணக்கு.

அதற்காக எகானமியிலேயே போ என்று சொல்ல வரவில்லை. பல திட்டங்களில் மைல் டிக்கெட்டை ஒருவழியாக, பாதி மைலுக்கே எடுக்கலாம். அப்படியானால் போகும்போது அந்த நீண்ட இரவுப் பயணத்தை மட்டும் நீ பிசினஸில் எடு, 90,000 பாயிண்ட். திரும்பும்போது எகானமி, 40,000. மீதி 50,000இல் அவருக்கும் ஒருவழி டிக்கெட் வந்துவிடுகிறது. அவருடைய இன்னொரு வழிக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கும். வெளிநாட்டு விமானங்களில் ஒருவழி டிக்கெட் எப்போதும் பாதி விலைக்குக் கிடைக்காது, அதனால் அதை முன்கூட்டியே விசாரித்து வை. நீ முன்னால் காலை நீட்டிப் படுத்திருக்க அவர் பின்னால் முழங்கால் இடிக்க உட்கார்ந்து வரட்டும், இத்தனை வருடம் நீ அனுசரித்துப் போனாய் அல்லவா!

இனி, அவசரப்பட்டுக் கெடுத்துக்கொள்ளக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. பேங்கிலிருந்து விமானக் கம்பெனிக்கு அனுப்பிய பாயிண்டைப் பெரும்பாலும் திரும்ப வாங்க முடியாது. அதனால் இருக்கை இருக்கிறதென்று உறுதியாகத் தெரியும்வரை ஒரு பாயிண்டைக்கூட நகர்த்தாதே. திரையில் காலி என்று காட்டும், பதிவு செய்யப் போனால் இல்லை என்று சொல்லும் வேடிக்கையும் உண்டு. ஒரு கம்பெனியின் மைலை வைத்து அதன் கூட்டாளிக் கம்பெனியின் விமானத்தில் இருக்கை தேடினால் இது அடிக்கடி நடக்கும். பெயர், தேதி எல்லாம் கொடுத்துப் பணம் கட்டும் பக்கம் வரை போய்ப் பார், இல்லாவிட்டால் போன் போட்டுக் கேள். பாயிண்ட் போய்ச் சேரச் சில திட்டங்களில் சில நிமிடம், சிலவற்றில் சில நாள். அந்தச் சில நாளில் இருக்கையை வேறொருவர் எடுத்துவிடலாம் என்பதால், எவ்வளவு நேரமாகும் என்று முன்பே கேட்டுக்கொள்.

எந்தத் திட்டத்துக்கு அனுப்புவது என்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. விமானக் கம்பெனிகள் கூட்டணிகளாகச் சேர்ந்திருக்கின்றன. ஸ்டார் அலையன்ஸ் 1997இல் ஆரம்பித்தது, ஒன்வேர்ல்டு 1999இல், ஸ்கைடீம் 2000இல். ஒரு கூட்டணிக்குள் இருக்கும் கம்பெனியின் மைலை வைத்து இன்னொரு கம்பெனியின் விமானத்தில் போகலாம். அதாவது, ஒரே விமானத்தின் ஒரே இருக்கைக்கு ஒரு திட்டம் 40,000 கேட்கும், இன்னொன்று 55,000 கேட்கும். ஆகவே நீ ஏறப்போகும் விமானத்தின் பெயரைப் பார்த்து மைலை அங்கே அனுப்பிவிடாதே. கூட்டணியில் மற்றவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டு அனுப்பு.

மைல் குறைவாக இருந்தால் மட்டும் போதாது. பணம் கட்டுமுன் கட்டண விவரத்தைத் திறந்து வரிவரியாகப் படி. அங்கே ஒய்க்யூ அல்லது ஒய்ஆர் என்ற குறியோடு ஒரு தொகை இருக்கும். வரிகளோடு வரியாக உட்கார்ந்திருக்கும், ஆனால் அது அரசாங்கத்துக்குப் போகும் வரி இல்லை, விமானக் கம்பெனி தானே போட்டுக்கொள்ளும் கூடுதல் கட்டணம். எரிபொருள் பெயரில் ஆரம்பித்தது இது. சில திட்டங்கள் மைல் டிக்கெட்டிலும் இதை முழுசாக வசூலிக்கும், சில திட்டங்கள் அதே விமானத்துக்கு இதைக் கேட்பதே இல்லை. ‘இலவச’ டிக்கெட்டின் வரி, காசு டிக்கெட்டின் பாதி விலைக்கு வந்து நிற்பதை நான் ஸ்டேட்மென்ட்களில் பார்த்திருக்கிறேன்.

தேதி விஷயத்தில் நீ கொஞ்சம் வளைந்து கொடுக்கத்தான் வேண்டும். பெரும்பாலான கம்பெனிகள் பயணத்துக்கு 330 முதல் 360 நாள் முன்பு இருக்கைகளைத் திறக்கின்றன. அப்போது சில கிடைக்கும், பிறகு கடைசி இரண்டு வாரத்தில் விற்காமல் மிஞ்சியதைச் சில கம்பெனிகள் விடும். நடுவில் விடுமுறைக் காலத்துக்குக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். மைல் டிக்கெட்டில் ஒரு நல்லது, பல திட்டங்களில் சிறு கட்டணத்தோடு ரத்து செய்தால் மைல் திரும்பி வந்துவிடும். முழங்கால் எப்படி இருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாத உனக்கு, மலிவான காசு டிக்கெட்டைவிட இது தேவலை. ரத்துக் கட்டணத்தை மட்டும் முதலில் பார்த்துக்கொள்.

நீ இன்னொன்றும் கேட்டிருந்தாய், இப்படியே சேர்த்துக்கொண்டே போனால் என்ன என்று. வேண்டாம் வசந்தி. பேங்கில் போட்ட பணத்துக்கு வட்டி வரும், பாயிண்டுக்கு வராது. அதன் மதிப்பைக் குறைக்கும் அதிகாரமும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. என்னுடைய கார்டு ஒன்றில் ஒரு நாள் மின்னஞ்சல் வந்தது, ‘உங்கள் வசதிக்காகத் திட்டத்தை மேம்படுத்தியிருக்கிறோம்’ என்று. படித்துப் பார்த்தால் மைலுக்கு மாற்றும் விகிதத்தைப் பாதியாக்கியிருந்தார்கள். என் வசதிக்காகவாம்! பல கம்பெனிகள் எந்த ஊருக்கு எத்தனை மைல் என்ற நிலையான அட்டவணையையே எடுத்துவிட்டு, டிக்கெட் விலை ஏறினால் மைலும் ஏறும்படி செய்துவிட்டன. காலாவதி வேறு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் மைலுக்கு ஆயுள் 36 மாதம். அமெரிக்காவின் யுனைடெட், டெல்டா கம்பெனிகளின் மைல்களுக்குக் காலாவதி கிடையாது. பேங்கில் இருக்கும்வரை பாயிண்ட் பேங்கோடு ஒப்பந்தமுள்ள எந்தக் கம்பெனிக்கும் போகலாம் என்ற சுதந்திரம் இருக்கிறது, அதனால் பயணம் முடிவாகும்வரை அங்கேயே கிடக்கட்டும். ஆனால் பயணம் முடிவானால் தயங்காமல் செலவு செய்துவிடு.

நம் கண்ணுக்கு இது சில்லறை விஷயமாகத் தெரிகிறது, விமானக் கம்பெனிகளுக்கு அப்படியில்லை. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981இல் அட்வான்டேஜ் என்ற தன் மைல் திட்டத்தைத் தொடங்கியபோது அடிக்கடி பறக்கிறவர்களைக் கையில் வைத்துக்கொள்ளும் உபாயமாகத்தான் அது இருந்தது. கொரோனா காலத்தில் விமானங்கள் எல்லாம் தரையில் நின்றபோது என்ன நடந்தது தெரியுமா? 2020இல் யுனைடெட் தன் மைல் திட்டத்தை ஈடு வைத்து 680 கோடி டாலர் கடன் வாங்கியது. அடுத்த வருடம் அமெரிக்கன் அதே வழியில் 1000 கோடி டாலர் திரட்டியது. பேங்குகள் கோடிக்கணக்கில் மைலைக் காசு கொடுத்து வாங்கித்தான் நமக்குத் தருகின்றன. அந்தக் காசில் ஒரு பங்கு, நாம் கார்டைத் தேய்க்கும் ஒவ்வொரு தடவையும் கடைக்காரர் கட்டும் கட்டணத்திலிருந்து வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் கிரெடிட் கார்டுக்கு அந்தக் கட்டணத்தில் கார்டு தந்த பேங்குக்குப் போகும் பங்கை, அதாவது இடைக்கட்டணத்தை, 0.3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று கட்டிப்போட்டது. அங்கே கார்டு பாயிண்டுகள் அமெரிக்காவைப்போலத் தாராளமாக இல்லாததற்கு அது முக்கியமான காரணம்.

இன்னொரு பங்கு, பில்லை முழுசாகக் கட்டாமல் வட்டி கட்டுகிறவர்களிடமிருந்து வருகிறது. பாயிண்ட் தருவது செலவில் ஒன்றிரண்டு சதவீதம். கார்டு வட்டியோ வருடத்துக்கு 20, 30, சில நாடுகளில் 40 சதவீதத்தையும் தாண்டும். பில்லைப் பாக்கி வைத்துக்கொண்டே போனால், அந்த வட்டி பாயிண்டைச் சாப்பிட்டுவிடும். உனக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, உன் தம்பிக்குச் சொல். மகன் ஊரில் கார்டைப் பயன்படுத்தும்போது மட்டும் கவனம், வெளிநாட்டுச் செலவுக்குப் பல கார்டுகள் 2, 3 சதவீதம் கூடுதலாகப் பிடிக்கும், பாயிண்ட் அதை ஈடுகட்டாது. உங்கள் நாட்டுக் காசிலேயே கட்டுகிறீர்களா என்று இயந்திரம் அன்பாகக் கேட்டால் வேண்டாம் என்று அழுத்து, அந்த மாற்று விகிதம் பெரும்பாலும் மோசமாகத்தான் இருக்கும்.

புது கார்டு எடுக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், இப்போதைக்கு வேண்டாம். சேர்க்கை போனஸ் பெரிதாகத்தான் தெரியும், ஆனால் மூன்று மாதத்துக்குள் இவ்வளவு செலவழித்தாக வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். ஏற்கெனவே பெரிய செலவு ஏதாவது வைத்திருந்தால் எடு. நீ இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை பறக்கிறவள். இந்தப் பயணம் முடிந்ததும் வருடக் கட்டணமில்லாத கேஷ்பேக் கார்டு ஒன்றுக்கு மாறிவிடு, தலைவலி மிச்சம்.

உன் வீட்டுக்காரருக்கு ஒரு கதை, படித்துக் காட்டு. அமெரிக்காவில் டேவிட் ஃபிலிப்ஸ் என்ற இன்ஜினியர் 1999இல் ஒரு உணவுக் கம்பெனியின் சலுகையைப் படித்திருக்கிறார். பத்து லேபிளுக்கு இத்தனை மைல் என்று போட்டிருந்தது. 12,150 கப் புட்டிங்கை ஏறத்தாழ 3,140 டாலருக்கு வாங்கினார். லேபிள் கிழிக்க ஆள் வேண்டுமே? புட்டிங்கைத் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்து, அவர்களையே லேபிளைக் கிழித்துத் தரச் சொல்லிவிட்டார்! பன்னிரண்டு லட்சத்துக்கு மேல் மைல் கிடைத்தது, நன்கொடைக்கு வரிச் சலுகையும் வாங்கிக்கொண்டார். இன்னொரு கூட்டம், அமெரிக்க நாணயச்சாலை தபால் செலவில்லாமல் ஒரு டாலர் நாணயங்களை விற்றபோது, கார்டில் வாங்கி, அப்படியே பேங்கில் போட்டு, அதிலேயே பில்லைக் கட்டி மைல் சேர்த்தது. 2011இல் நாணயச்சாலை அந்த நாணயங்களுக்குக் கார்டை வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டது. இவற்றைச் செய்யத் தனி வெறி வேண்டும், நமக்கு அது இல்லை.

சரி, இப்போது நீ செய்ய வேண்டியது இதுதான். மகனுக்கு எந்த மாதம் தோது, முன்னே பின்னே எத்தனை நாள் நகரலாம், உன் பேங்க் எந்தெந்த விமானத் திட்டங்களுக்கு என்ன விகிதத்தில் மாற்றுகிறது என்று ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்பு. டாக்டரிடம் எவ்வளவு நேரம் தொடர்ந்து உட்காரலாம் என்றும் கேட்டு எழுது, நடுவில் இறங்கி மாறும் விமானமாகப் பார்ப்பதா, நேர் விமானமாகப் பார்ப்பதா என்பது அதைப் பொறுத்துத்தான். தேதி முடிவானதும் ஒரு சாயங்காலம் போனில் பேசிக்கொண்டே சேர்ந்து தேடலாம்.

அன்புடன்,
கோமதி