மோனா லிசா விட்டோவின் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ‘மை கசின் வின்னி’ (1992) படத்தைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கொலைப் பழியில் மாட்டிக்கொண்ட இரண்டு இளைஞர்களுக்காக வின்னி என்ற வழக்கறிஞர் வாதாடும் அமெரிக்கப் படம் அது. ஜோ பெஷி, ஃப்ரெட் க்வின், ரால்ஃப் மாக்கியோ என்று ஆண்கள் பெயரெல்லாம் இருக்கிறது. நீதிமன்றக் காட்சியின் புகைப்படத்துக்குக் கீழே மட்டும் ‘வின்னியும் காதலியும்’ என்று போட்டிருக்கிறீர்கள். அந்தப் பெண்ணின் பெயர் மோனா லிசா விட்டோ. நடித்தவர் மரிசா டோமே.

படத்தில் பெண்களுக்கு இடமே இல்லை என்கிறார் கட்டுரையாளர். எண்ணிப் பார்த்தால் சரிதான். நீதிபதி, அரசு வழக்கறிஞர், ஷெரீஃப், எஃப்.பி.ஐ. நிபுணர் எல்லோரும் ஆண்கள். நேரில் பார்த்த சாட்சிகள் மூவரில் ஒருவர் கருப்பினப் பாட்டி. அவருக்கும் கண் சரியாகத் தெரியவில்லை என்று காட்டுவதோடு வேலை முடிந்துவிடுகிறது. கதை நடப்பது அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில். 1966-இல் கூட்டாட்சி நீதிமன்றம் தலையிடும் வரை அந்த மாநிலத்தில் பெண்களை ஜூரியில், அதாவது வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவில், உட்காரவே விடவில்லை. ஆண், பெண் என்று பார்த்து ஜூரியிலிருந்து ஒருவரை நீக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது 1994-இல், அதுவும் அலபாமாவிலிருந்து போன வழக்கில். அதாவது படம் வந்து இரண்டு வருடம் கழித்து.

அப்படிப்பட்ட ஊரில், வேலையில்லாமல் இருக்கும் சிகையலங்காரப் பெண்ணான மோனா லிசாவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, கார் நிபுணர் என்கிறார்கள். அப்பா, தாத்தா, மாமாக்கள், அண்ணன் தம்பிகள் எல்லோரும் மெக்கானிக். இவளும் அந்தப் பட்டறையில் வேலை பார்த்தவள். அரசு வழக்கறிஞர் நம்பவில்லை. 1955 மாடல் செவர்லே பெல் ஏரில் 327 கன அங்குல எஞ்சினுக்கு இக்னிஷன் டைமிங் (எஞ்சினில் தீப்பொறி விழ வேண்டிய நேரம்) என்ன என்று மடக்குகிறார். 55-இல் அந்த எஞ்சினே கிடையாது, 62-இல்தான் வந்தது என்கிறாள். சரி, 64 மாடலுக்கு என்றால், டாப் டெட் சென்டருக்கு (பிஸ்டன் உச்சிக்கு வரும் இடம்) 4 டிகிரி முன்னால் என்று அதையும் சொல்லிவிடுகிறாள். அவ்வளவுதான், கேள்வி கேட்டவரே ஏற்றுக்கொள்கிறார். அப்புறம் டயர் தடத்தின் புகைப்படத்தை வைத்துக்கொண்டு, இது அந்த இளைஞர்கள் வந்த 64 பியூக் ஸ்கைலார்க் போட்ட தடமே இல்லை, 63 போன்டியாக் டெம்பெஸ்ட் போட்டது என்று நிரூபிக்கிறாள். அந்தப் புகைப்படத்தை எடுத்ததும் அவள்தான்.

நாமக்கல்லில் 11 வருடமாக லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். இன்றைக்கும் கவுன்ட்டருக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் “கடையில ஆள் இல்லையாம்மா?” என்றுதான் கேட்கிறார்கள். போன மாதம் ஒரு டிரைவர் கிளட்ச் பிளேட் கேட்டு வந்தார். வண்டி மாடலைக் கேட்டுவிட்டு, நீங்கள் சொல்லும் அளவு இந்த வண்டிக்குச் சேராது என்றேன். அவர் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் மெக்கானிக்குக்கு போன் போட்டு, நான் சொன்னதையே அவர் வாயால் கேட்ட பிறகுதான் பணத்தை எடுத்தார். அதனால்தான் அந்த வழக்கறிஞர் பின்வாங்கும் இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் கண் கலங்கிவிடுகிறது. ஒரு பெண்ணைச் சோதித்தார்கள், அவள் சரியாகச் சொன்னாள், உடனே நம்பினார்கள். திரையில் நான் அதிகம் பார்க்காத விஷயம் இது.

திரைக்கு வெளியே அந்த நியாயம் டோமேவுக்கே கிடைக்கவில்லை. 1993-இல் துணை நடிகைக்கான ஆஸ்கர் வாங்கினார். வனெசா ரெட்கிரேவ், ஜூடி டேவிஸ் போன்றவர்கள் போட்டியில் இருக்க, இந்தப் பெண்ணுக்கு எப்படி என்று கேட்டவர்கள், மேடையில் விருதை அறிவித்த நடிகர் ஜாக் பாலன்ஸ் பெயரை மாற்றி வாசித்துவிட்டார் என்று ஒரு வதந்தியைக் கிளப்பினார்கள். பொய். பெயர் மாறினால் வாக்கு எண்ணும் நிறுவனத்தார் மேடைக்கே வந்து திருத்துவார்கள். 2017-இல் சிறந்த படத்துக்கான விருதில் அதைத்தான் செய்தார்கள். ஆனால் அதுவரை 24 வருடம் அந்தப் பேச்சு அவரை விடவில்லை.

அடுத்த இதழில் அந்தப் புகைப்படக் குறிப்பைத் திருத்தி, அவர் பெயரையும் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி, நாமக்கல்