வான் எடுக்க முதல்

அன்பு மகன்,

இஞ்ச எல்லாரும் சுகம். கொக்காவின்ர சின்னவனுக்குக் காய்ச்சல் மாறீட்டுது. கோல் எடுத்தால் "பிறகு கதைக்கிறன்" எண்டு வைக்கிறாய். வேலை கூடவாக்கும்.

லீசிங்கில வான் எடுத்து வெளிநாட்டாரை எங்கட ஊருக்குக் கூட்டிக்கொண்டு வந்து சுத்திக் காட்டப்போறன் எண்டு நீ அனுப்பின திட்டத்தைக் கொக்கா போனில காட்டினவள். நாயாறு, கொக்கிளாய், சுண்டிக்குளம், வைகாசியில வற்றாப்பளைப் பொங்கல் எண்டு எங்கட ஊர்ப் பிள்ளையாலதான் அப்பிடி எழுதேலும். ஆனால் கடைசிப் பக்கத்து "ஆபத்துகள்" பெட்டியைப் பார். குண்டு, கொரோனா, வெள்ளம். எண்ணெய்க்கு ஒரே ஒரு வரி: "விலை ஏறலாம், நடுத்தரம்." கிடைக்காமல் போறதைப் பற்றி வரியே இல்லை.

உங்கட சுற்றுலாத்துறை ஆக்கள் கனபேர் இப்பிடித்தான். விலை எண்டால் விளங்கும், விருந்தாளியின்ர பில்லில கூட்டலாம். இல்லாமல் போனால் அது விமானக் கொம்பனியின்ர பாடு, அரசாங்கத்தின்ர பாடு, இல்லாட்டி கரண்ட் வாகனம் வரும். அடுத்த சீசன் புக்கிங்குக்கு அங்கால பாக்கிறேல்லை. 2022இல எண்ணெய் இல்லாமல் போனதைச் சொன்னால் "அது டொலர் பிரச்சினை" எண்ணுவினம். மெய்தான். ஆனால் வெறும் டாங்கியோட பெற்றோல் செற்றில நிக்கிற வானுக்குக் காரணம் என்னவாயிருந்தால் என்ன?

கணக்கைப் பார். கட்டுநாயக்காவில இருந்து முல்லைத்தீவு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல. ஏசி போட்டு, ஆக்களும் பெட்டியுமாய் வந்தால் லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர்தான். போய்வர 65 லீற்றர், இஞ்ச சுத்த இன்னும் பதினைஞ்சு. 2022 ஆடியில கியூஆர் காட்டி எண்ணெய் அடிக்கிற பங்கீடு தொடங்கேக்க வானுக்குக் கிழமைக்கு 20 லீற்றர். அதோட வவுனியாவும் வந்து சேராய்.

டொலர் இருந்தாலும் எண்ணெய்க் கிணறு வத்திறது வத்திறதுதான். லண்டன்காரற்ற வடகடல் எண்ணெய் 1999இல உச்சத்துக்கு வந்து, பிறகு இறங்கினதுதான். உன்ர விருந்தாளியள் வாற பிளேனுக்கு ஊத்திறதும் மண்ணெண்ணெய் இனம். பத்து மணித்தியாலத்துக்கு மேல பறக்கிறதை பற்றரியில ஓட்டேலாது. தட்டுப்பாடு வந்தால் முதல்ல குறையிறது தூரத்து ஆக்கள்.

கானில வாங்கி வைக்கலாம் எண்டு நினையாதை. டீசலுக்குள்ள ஈரம் இறங்கினால் அடியில வழுவழுப்பாய்ப் பாசி மாதிரிப் படியும், அது பில்டரை அடைக்கும். சண்டைக்க பொருளாதாரத் தடை இருந்த காலத்தில மண்ணெண்ணெயில ஓடினவை எண்டும் சொல்லாதை. அது காபரேற்றர் வைச்ச பழைய பெற்றோல் எஞ்சின். துளிப் பெற்றோலில ஸ்ராட் பண்ணி, சூடேறினாப் பிறகு மாத்திறது. அதிலயும் பிளக் கரி பிடிக்கும், எஞ்சின் ஒயில் தண்ணியாகும். இப்பத்தைய டீசல் பம்புக்கு டீசல்தான் வழுக்கல். மண்ணெண்ணெய் ஊத்தினால் பம்ப் தேஞ்சு இன்ஜெக்ரரும் போகும்.

களப்பில படகு ஓட்டம் எண்டும் போட்டிருக்கிறாய். அந்த எஞ்சினுக்கும் மண்ணெண்ணெய்தான். 2022 ஆவணியில லீற்றர் 87 ரூபாயில இருந்து ஒரேயடியாய் 340 ஆனது. அதையும் பெட்டிக்குள்ள போடு.

என்ர யோசினை, ஆக்கள் ரெயிலில மாங்குளம் வரட்டும். ரெயிலும் டீசல்தான், ஆனால் ஒரு எஞ்சின் நூற்றுக்கணக்கான ஆக்களை இழுக்குது. அங்கையிருந்து முல்லைத்தீவு ஐம்பது கிலோமீற்றருக்குக் கிட்ட. சின்ன வாகனம் ஒண்டை இஞ்ச வைச்சிரு, அந்த 20 லீற்றருக்குள்ள ஒரு சுற்று முழுசாய் முடியும். ஒரு இரவு நிக்கிறவையை மூண்டு இரவு நிக்க வை. வெளிநாட்டாரை மட்டும் நம்பாமல் கொழும்பு ஆக்களையும் பார்.

நாலு பாஷை கதைக்கிற பிள்ளைக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. எண்டாலும் சொல்லிறன், லீசிங் பேப்பரில கையெழுத்து வைக்க முதல் கணக்கைப் பார்.

காணி உறுதியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கொக்காவைக் கேட்டனியாம். என்னட்டைக் கேட்டிருக்கலாம். உறுதி அலுமாரியிலதான் கிடக்கு.

கையெழுத்து வைக்க முதல், திரும்பவும் சொல்லிறன், கணக்கைப் பார். ஞாயிறு இரவு எடு. வான் எந்த வருசம், எஞ்சின் நம்பர் என்ன, எத்தினை மாதத் தவணை எண்டு எழுதி வைச்சுக்கொண்டு எடு.

அப்பா