தலைமன்னார் கப்பலுக்குக் கால் வேண்டாம்

தமிழ்நாடு கடல்சார் வாரியத்தாருக்கு,

வணக்கம். பாம்பனில் படகு எஞ்சின் பழுது பார்ப்பவன் நான். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு ஓடிய கப்பல் 1964 புயலோடு நின்றது. மறுபடி விடப்போகிறார்கள் என்ற பேச்சு எழும்போதெல்லாம், டீக்கடையில் யாராவது ஜெட்ஃபாயில் வீடியோவைக் காட்டுகிறார்கள். நீருக்கடியில் கால் நீட்டி, அதன் நுனியில் இறக்கை வைத்து, உடம்பைத் தூக்கிக்கொண்டு, மணிக்கு 80 கிலோமீட்டரில் பறக்கும் கப்பல். போயிங் 1974இல் இறக்கியது. மறுவருடமே ஹாங்காங், மக்காவ் இடையே ஓடியது.

அந்த எஞ்சின் மேல் எனக்கும் ஆசைதான். கப்பல் எழும்பிவிட்டால் ப்ரொப்பல்லருக்கு நீளமான சாய்வுத் தண்டு வேண்டும், இல்லாவிட்டால் கால் வழியே பல்சக்கரம் இறக்க வேண்டும். அந்த வேகத்தில் குமிழி கிளம்பி உலோகத்தையே அரிக்கும். ஜெட்ஃபாயிலோ பின்னங்கால் வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, கேஸ் டர்பைன் சுழற்றும் பம்பால் பின்பக்கம் பீய்ச்சுகிறது.

ஆனால் கால் நீட்டி நிற்க 5 மீட்டருக்கு மேல் ஆழம் வேண்டும். சேதுத் திட்டுகளில் ஒரு மீட்டர் தண்ணீர் உள்ள இடமும் இருக்கிறது. காலை மடக்கலாம், சரி. அப்புறம் அது மெதுவாகப் போகும் படகுதானே?

காலை விடுங்கள், தண்ணீரைப் பீய்ச்சும் அந்த ஜெட்டை மட்டும் எடுங்கள். நியூசிலாந்தின் ஹாமில்டன் 1950களில் ஜெட் படகு செய்ததே ஆழமில்லாத ஆறுகளுக்காகத்தான். இரண்டு அடிக்கூடுகளைச் சேர்த்துக் கட்டிய கேட்டமரானில் (பெயரே நம் கட்டுமரம்தான்) ஜெட் வைத்தால் அடியில் எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது. மூச்சு வாங்க மேலே வரும் ஆவுளியாவை (கடல்பசு) ப்ரொப்பல்லர் இலை வெட்டாது. அடிக்கூடு அதை இடிக்கும் ஆபத்து அப்போதும் உண்டு என்பதால், அது கடல்புல் மேயும் இடங்களில் வேகத்தைக் குறைக்கத்தான் வேண்டும். மெதுவாகப் போகும்போது ஜெட் டீசலை வீணாக்கும். அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் எழுதிவிடுங்கள்.

இன்னொன்று, தாழை. பூக்கும் தாழை இல்லை, கடல்புல்லை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். சுற்றுலாக்காரர்கள் ஓட்டும் வாட்டர் ஸ்கூட்டர் ஒன்று என்னிடம் வந்தது. அதுவும் ஜெட்தான். உறிஞ்சுவாய்க் கம்பியில் தாழை பாய் பின்னினதுபோல் அடைத்திருந்தது. உள்ளே மணல் தேய்த்து, சுழலும் பம்பு இலையின் விளிம்பு மழுங்கிக் கிடந்தது. கரையில் படுக்கப்போட்டு ஒரு மணி நேரம் பிடுங்கினேன். நூறு பயணிகளோடு நடுக்கடலில் என்ன செய்வீர்கள்? டெண்டரில் மேல்தளத்திலிருந்தே திறந்து சுத்தம் செய்யும் மூடி கேளுங்கள். தாழை மிதக்கும் மாதத்தில், வடகடலிலேயே (பாக் நீரிணைப் பக்கம்) ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அன்றைக்குத் தாழை பிடுங்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
பாம்பன் எஞ்சின்காரன்